இரண்டு கோல்கீப்பர்கள், ஒரு தலைக்கவசம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், திருவள்ளூரில் ஒரு செம்மண் மைதானத்தில் நடந்தது இது.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உள்ள இரும்புக் கம்பி ஆலை ஒன்று ஹாக்கி ஆடுவதற்காகவே என்னை வேலைக்கு எடுத்திருந்தது. காலையில் சரக்கு வாயிலில் லாரிகளுக்குச் சீட்டு எழுதுவேன். மாலையில் கோல்கீப்பராக நிற்பேன். ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். நான் சேர்ந்த நாளிலிருந்து, பதினோர் ஆண்டுகளாக, எங்கள் அணி லீகின் இரண்டாம் டிவிஷனைத் தாண்டியதே இல்லை. அந்த ஆண்டு நிர்வாகம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டது: முதல் டிவிஷனுக்கு ஏறினால் அணி இருக்கும், இல்லையேல் கலைக்கப்படும். என் வயதுக் கோல்கீப்பரை வேறு எந்த ஆலையும் அழைக்காது. அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் வெல்லும் அணி மட்டுமே மேலே ஏறும். தோற்றால் என் ஹாக்கி வாழ்க்கை அன்றோடு முடிந்துவிடும்.

எதிரணி, கார் உதிரிப்பாகங்கள் செய்யும் ஓர் ஆலையுடையது. ஆட்டம் முடியச் சில நொடிகளே இருக்கையில் இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. அப்போது அவர்கள் அடித்த பந்து ஒன்று நேரே என் முகத்துக்கு வந்தது. கோல் விழவில்லை. ஆனால் தலைக்கவசத்தின் முகக்கம்பி உடைந்து தொங்கியது.

ஆட்டம் சமனில் முடிந்ததால் ஷூட் அவுட் அறிவித்தார்கள். ஒவ்வோர் அணியிலிருந்தும் ஐந்து பேர், ஒருவர் பின் ஒருவராக, எட்டு நொடிக்குள் கோல்கீப்பரை ஏமாற்றிப் பந்தைக் கோலுக்குள் செலுத்த வேண்டும். ஒரே கோலில் இரு கோல்கீப்பர்களும் மாறி மாறி நிற்பார்கள். நடுவர் என் உடைந்த கவசத்தைப் பார்த்து மறுப்பாகத் தலையசைத்தார். அது இல்லாமல் நிற்க அனுமதி இல்லை. எங்களிடமோ இரண்டாவது கவசம் இல்லை.

"இன்னாண்ணே பண்றது இப்போ?" என்று எங்கள் கேப்டன் என் கையைப் பற்றிக்கொண்டான்.

அப்போது எதிரணிக் கோல்கீப்பர் தன் கவசத்தைக் கழற்றியபடி எங்களை நோக்கி வந்தார். என்னைவிட உயரம், பெரிய தலை. "இந்தா நைனா, போட்டுக்கோ. நீ நின்னுட்டு எனக்குக் குடு, நான் நின்னுட்டு உனக்குக் குடுக்குறேன். அவ்ளோதானே?"

அவருடைய மேலாளர் ஓடிவந்தார். "டேய், உனக்கு இன்னா பைத்தியமா? கீப்பர் இல்லன்னா கப்பு நம்மளுது!"

"ஆள் இல்லாத கோல்ல அடிச்சிட்டு இன்னான்னு சார் கப்பத் தூக்கிக்கினு போறது? பஸ்ஸுல கூட சிரிப்பாங்க."

நடுவர் ஒப்புக்கொண்டார். முதலில் நான் நின்றேன். கவசம் எனக்குத் தளர்வு. பாய்ந்தபோது அது கண்ணை மூடியது, கோல் விழுந்தது. எங்கள் முதல் ஆளை அவர் எளிதாகத் தடுத்தார்.

இரண்டாம் முறை கவசத்தை வாங்கி மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. பின்பக்கப் பட்டையை அவர் எனக்காக இரண்டு துளை இறுக்கித் தந்திருந்தார்! இம்முறை பந்தைக் காலால் உதைத்துத் தள்ளினேன். அந்தக் களிப்பில் கவசத்தைக் கழற்றி அப்படியே அவர் கையில் திணித்தேன். நடுவரின் விசில் அவசரப்படுத்தவே, அவர் அந்த இறுக்கத்திலேயே தலையை நுழைத்துக்கொண்டு நின்றார், அப்போதும் தடுத்துவிட்டார். அவர் கழற்றியபோது நெற்றியில் சிவப்பாக ஒரு வரி பதிந்திருந்தது. தலையை நுழைத்ததில் நழுவியிருந்த பட்டையை அவர் விரல்கள் மறுபடியும் எனக்காக இறுக்கின.

என் முகம் சுட்டது. அவருக்குத் தோன்றியது எனக்கு ஏன் தோன்றவில்லை?

மூன்றாம் முறையிலிருந்து நானும் பட்டையைத் தளர்த்தியே கொடுத்தேன். அந்தச் சுற்றில் நான் தடுத்தேன். எங்கள் ஆள் கோல் அடித்தான். நான்காம் சுற்றில் இருவருமே கோல் வாங்கினோம். "அவனுக்கு இன்னாத்துக்குடா சேவகம் பண்ற?" என்று அவருடைய அணியினர் கத்தினார்கள். "நீ ஒழுங்கா அடி. ஹெல்மெட்டு நான் பாத்துக்குறேன்" என்றார் அவர், திரும்பாமலேயே.

ஷூட் அவுட்டிலும் இரண்டுக்கு இரண்டு. அவர்களுடைய ஐந்தாவது ஆள் என்னை இடப்பக்கம் இழுத்து வலப்பக்கம் தள்ளினான். முழு நீளத்துக்கு விழுந்து மட்டையின் நுனியால் பந்தைத் திருப்பினேன். இனி எங்கள் கடைசி ஆள் அடித்தால் வெற்றி.

கவசத்தைக் கழற்றினேன். கோலுக்குப் பின்னாலிருந்து எங்கள் ஆள் ஒருவன், "அண்ணே, அப்டியே குடுண்ணே! ரெண்டு ஓட்டைதானே, யாருக்குத் தெரியப்போவுது?" என்று கிசுகிசுத்தான்.

பொய் சொல்ல மாட்டேன். என் விரல்கள் ஒரு கணம் நின்றன. பதினோர் ஆண்டு உழைப்பு அந்தப் பட்டையில் இருந்தது. ஆனால் அவர் நெற்றியின் சிவப்பு வரி இன்னும் மறையவில்லை. இரண்டு துளையும் தளர்த்தி, அவர் கையில் கொடுத்தேன். அவர் பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாட்டிக்கொண்டு போனார்.

எங்கள் கடைசி ஆள் வந்தான். ஒருமுறை சுழன்றான். கோல்கீப்பரும் கூடவே சுழன்றார். ஏழாவது நொடியில் மட்டையைப் புரட்டிப் பின்கையால் அடித்தான். அவருடைய கையுறையை உரசிக்கொண்டு கோலின் பின்பலகையில் 'டம்' என்று மோதியது பந்து!

என் மேல் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று தெரியவில்லை. செம்மண்ணை வாயிலிருந்து துப்பிக்கொண்டே எழுந்தபோது எதிரில் அவர் நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது, உதடு சிரித்தது. "முதல் டிவிஷனுக்குப் போறீங்க. இனிமேலாவது ரெண்டு ஹெல்மெட்டு வாங்கச் சொல்லு நைனா. இன்னா கம்பெனி அது!" என்று கட்டிக்கொண்டார்.

இன்று முப்பத்தேழு வயதிலும் முதல் டிவிஷனில் ஆடிக்கொண்டிருக்கிறேன். அந்த வெற்றியைப் பற்றி யார் எங்கே கேட்டாலும் எதையும் மறைக்காமல் முதலிலிருந்து கடைசிவரை சொல்ல முடிகிறது என்பதே என் ஆட்ட வாழ்க்கையில் நான் பெற்ற மிகப் பெரிய கோப்பை.