கல்லாவுக்கு இந்தப் பக்கம்

பதினேழு வருடமாக லுவா தினமும் காலை ஏழு மணிக்குக் கடை திறக்கிறாள். செக் நாட்டின் தெப்லிட்சே ஊரில், ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் ரொட்டி, பீர், சோப்பு, சிகரெட். அவள் பெயரைச் சொல்ல வராத வாடிக்கையாளர்கள் முதல் வாரமே அவளை விளாஸ்தா ஆக்கிவிட்டார்கள். வியட்நாமிலிருந்து வந்து இங்கே கடை போட்ட எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு செக் பெயர் உண்டு.

ஆகஸ்டில் குத்தகை முடிகிறது. இன்னும் ஐந்து வருடம் நீட்டிப்பதா என்று மே 31-க்குள் சொல்ல வேண்டும். மூட்டு தேய்ந்துவிட்டதால் அவளுக்கு மூடத்தான் ஆசை. ஆனால் விசா கடையின் பேரில் இருக்கிறது. கடை போனால் நாட்டில் இருக்கும் உரிமையும் போகும். நிரந்தர வசிப்புரிமை வாங்கிவிட்டால் அந்தப் பயம் இல்லை. அதற்கு செக் மொழித் தேர்வு எழுத வேண்டும். கடையை ஒரு நாள் விட்டுப் போக வேண்டுமே என்று இத்தனை வருடம் தள்ளிப்போட்டவள், இந்த மே மாதத் தேர்வுக்குப் பணம் கட்டினாள்.

"நாளெல்லாம் செக்தானே பேசற, உனக்கென்ன பயம்?" என்றான் கணவன் கியென்.

தினமும் மாலை பீர் வாங்க வரும் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் குபாத்தும் சேர்ந்துகொண்டார். "உன் செக்ல பாதி நான் கத்துக்கொடுத்தது, விளாஸ்தா. பெயிலாகி என் மானத்தை வாங்கிடாத."

"நீங்க கத்துக்கொடுத்த பாதியும் கெட்ட வார்த்தை. அதைப் பரீட்சையில கேக்க மாட்டாங்க."

பத்தாம் தேதி பக்கத்து ஊரில் தேர்வு. எழுத்துத் தாள் பரவாயில்லை. பிறகு வாய்மொழி. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள். ஒருவர் பேச, ஒருவர் மதிப்பெண் போட.

"உங்க பேரு?"

"விளாஸ்தா."

அந்த அம்மாள் பட்டியலைப் பார்த்தார். "இதுல தோவான் தி லுவான்னு இருக்கே?"

"அதுவும் நான்தான்."

ஓர் அட்டை கொடுத்தார்கள். நீங்கள் மளிகைக் கடைக்குப் போயிருக்கிறீர்கள், பேசுங்கள் என்று எழுதியிருந்தது.

"வணக்கம்," என்றார் அந்த அம்மாள்.

"வணக்கம், என்ன வேணும்?" என்றாள் லுவா.

"இல்லைங்க, நான் கடைக்காரி. நீங்க வாங்க வந்திருக்கீங்க."

"சரி, சரி. ரொட்டி இருக்கா?"

"இருக்கு. எத்தனை?"

"நாலு போதுமா? பை வேணுமா? கார்டா, ரொக்கமா?" லுவாவின் வாய் தானாக ஓடியது. மதிப்பெண் போடும் பெண் பேனாவை வைத்துவிட்டுச் சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டார்.

என்ன தப்பு செய்தோம் என்று லுவாவுக்கு அப்போது புரியவில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் அவள் கடையிலேயே இருக்கிறது. சரக்கு எங்கள் ஆட்களின் மொத்தச் சந்தையிலிருந்து, எங்கள் மொழியிலேயே பேசி வருகிறது. இந்த நாட்டில் ஒரு கடைக்காரரிடம் அவள் செக் மொழியில் எதையும் கேட்டு வாங்கியதே இல்லை.

கடைக்குத் திரும்பியதும் கியென் கேட்டான். "பாஸா?"

"தெரியல."

"பேசினியா, இல்லையா?"

"நிறுத்தாம பேசினேன். கடைசில அந்தம்மாவுக்கு நாலு ரொட்டி வித்துட்டேன்."

பீரோடு நின்ற குபாத் குழம்பினார். "தப்பில்லாம பேசினியா?"

"ஒரு தப்பும் இல்ல. ஆனா கடைக்காரியா அவங்க பேச வேண்டியதை நான் பேசிட்டேன்."

"அதுக்கு மார்க் உண்டா?"

லுவா அவருடைய பீருக்குக் காசு வாங்கிக் கல்லாவில் போட்டாள்.

தேர்வு முடிவு மே 28-ஆம் தேதி வரும். நீட்டிப்புப் பத்திரத்தைக் கட்டட உரிமையாளர் கல்லா மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். லுவா இன்னும் கையெழுத்துப் போடவில்லை.