எலிக்குக் குறைந்த சர்க்கரை

பேறுகாலச் சர்க்கரை (கர்ப்பத்தின்போது ரத்தத்தில் சர்க்கரை கூடுவது) என்று என் மனைவி செல்விக்கு ஆறாம் மாதத்தில் சொன்னார்கள். தினமும் இன்சுலின் போட வேண்டும் என்றார் டாக்டரம்மா. செல்விக்கு ஊசி என்றாலே உதறல்.

"பச்சிலையில எதுவும் இல்லியாங்க? உங்க லேப்ல அதைத்தானே பண்றீங்க?" என்று கேட்டாள்.

தொண்ணூறுகளின் கடைசி. வீடு புனேயை ஒட்டிய கசார்வாடியில். புனேயில் ஒரு மருந்தியல் கல்லூரியில் நான் ஆய்வக உதவியாளன். சிறுகுறிஞ்சான் இலையிலிருந்து பிரித்தெடுத்த சத்தை அங்கே சர்க்கரை நோயுள்ள எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வாலில் ரத்தம் எடுப்பது என் வேலை. அளவு குறைவதைக் கண்ணால் பார்த்தவன் நான். பேராசிரியருக்கே பாடம் எடுக்கலாம் என்ற மிதப்பு.

யாரையும் கேட்காமல் கடையில் அந்த இலைப்பொடியை வாங்கிச் செல்விக்குக் கொடுத்தேன். இன்சுலின் வாங்கவே இல்லை. டாக்டரிடம் ஊசி போட்டுவருவதாகச் சொன்னோம்.

அடுத்த முறை வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் அளவு சரியாக இருந்தது. சாப்பிட்டபின் எடுக்கும் இரண்டாவது பரிசோதனைக்கு நாங்கள் காத்திருக்கவில்லை. "அதான் குறைஞ்சிடுச்சே, வா" என்று பஸ் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டேன். முந்தின நாள் இரவு அவள் அரை வயிறுதான் சாப்பிட்டிருந்தாள்; வெறும் வயிற்றில் அளவு குறைந்தது அதனாலும் இருக்கலாம். அதை நான் யோசிக்கவில்லை. பிறகும் அப்படியேதான் செய்தோம்.

தாயின் சர்க்கரையில் ஊறி வளர்ந்த குழந்தை நாலரைக் கிலோ. தலை வந்தபின் தோள் சிக்கிக்கொண்டது. உயிரோடு எடுத்துவிட்டார்கள். வலக் கைக்குப் போகும் நரம்பு சேதமாகிவிட்டது.

பொடியைப் பற்றி அப்போதுதான் வாய் திறந்தேன். டாக்டரம்மா திட்டவில்லை. "அந்த எலிகள்ல ஒண்ணாவது சினையா இருந்துச்சா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

இல்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அந்த இலையில் மருந்து இருக்கலாம். வயிற்றுப் பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்று எங்கள் ஆய்வகத்தில் யாரும் பார்த்திருக்கவில்லை. எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

பிரசவத்துக்குப் பின் செல்விக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. மகளுக்கு வருடக்கணக்கில் பிசியோதெரபி (தசைப் பயிற்சி) கொடுத்தோம். கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. செல்வி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஒன்பது வயதில் மகள் கேட்டாள். "அப்பா, என் கை மட்டும் ஏன் இப்படி?"

செல்வி முந்திக்கொண்டு, "பொறக்கறப்போ சிக்கிக்கிச்சுடி" என்றாள்.

"நான்தான்மா காரணம்" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். "சரி, அப்போ தினமும் நீங்களே எனக்கு ஜடை போட்டு விடுங்க."

இப்போது என் காலை நேரம் அவளுடையது. இரட்டை ஜடைக்குப் பத்து நிமிடம் ஆகிறது. இடப்பக்க ஜடையைத் தானே பின்னிக்கொள்வதாகச் சொல்கிறாள். ஒரு கையால் முடியாது; அதையும் நானே பின்னுகிறேன்.