வெயிலில் பழுத்த டயல்

சிவகாசியில் பிரிண்டிங் தொழிலில் இருப்பவனிடம் நிறம் மங்கிய பொருள் எதையும் காட்டக் கூடாது. கை சும்மா இருக்காது. எனக்கு அந்த வியாதி கொஞ்சம் அதிகம். ஹோட்டலில் மாட்டியிருக்கும் காலண்டரில் சிவப்பு வெளுத்திருந்தால், தோசையை ஆறவிட்டுவிட்டு, எந்த பிரஸ்ஸில் அடித்தது என்று அடி மூலையில் பேரைத் தேடுவேன். கலர் ஓடிப்போவது எங்கள் ஊரில் மானப் பிரச்சினை. நான் செய்த காரியத்தை அந்த வியாதியின் தலையிலேயே கட்டிவிடலாம் என்று பல வருஷம் முயன்று பார்த்தேன். கையால் செய்ததற்கு அது பொருந்துகிறது. வாயால் செய்ததற்குப் பொருந்தவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் எனக்கு முப்பது வயது இருக்கும். நாரணாபுரம் ரோட்டில் ஒரு வாடகைக் கட்டடத்தில் சின்னதாக டிசைன் யூனிட் வைத்திருந்தேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், வெடிப்பெட்டிகளைப் படம் எடுக்க ஒரு டிஜிட்டல் கேமரா, பரிசுப் பேனாக்களில் பெயர் அச்சிடும் ஒரு குட்டி மெஷின். அந்த மெஷினை வைத்துக்கொண்டு, அரிசியைத் தவிர எதில் வேண்டுமானாலும் பிரிண்ட் போட்டுத் தருவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

பாலிடெக்னிக்கில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் விருதுநகரில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்துவந்தான். அவன் தகப்பனார் தொடங்கிய கடை. அத்தா, அத்தா என்று அவன் நிமிஷத்துக்கு ஒருமுறை சொல்வதைக் கேட்டுக் கேட்டு நானும் அவரை அத்தா என்றுதான் கூப்பிட்டேன். அவர் மௌத்தாகி அடக்கம் செய்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடையில் பாதி நண்பனுக்கு, பாதி சென்னையில் இருந்த அண்ணனுக்கு. அண்ணன் தன் பங்கை வெளியாளுக்கு விலை பேசிவிட்டார். தீபாவளிக்குள் தம்பி அந்தப் பங்கை வாங்கிக்கொண்டால் கடை வீட்டோடு நிற்கும். இல்லையென்றால் அதை வாங்குகிற வெளியாள் மீதியையும் வளைத்துக்கொள்வான். மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது.

ஒருநாள் மத்தியானம் நண்பன் என் யூனிட்டுக்கு வந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒரு கடிகாரத்தை மேஜையில் வைத்தான். அத்தா கட்டியிருந்தது. இளவயதில் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தபோது, தன் நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு கப்பல் என்ஜினியரிடம் வாங்கினாராம். சுவிஸ் கம்பெனி. பெரிய வட்டத்துக்குள் மூன்று குட்டி வட்டங்கள், பக்கவாட்டில் அமுக்குவதற்கு இரண்டு பொத்தான்கள். துபாயில் இருந்த அவன் மாமன் மகன், கடிகாரத்தின் பின்பக்க நம்பரை ஒரு வெளிநாட்டு ஏலக் கம்பெனிக்குச் சொல்லியிருக்கிறான். அவர்கள் சொன்ன விலையில் அண்ணன் பங்கை வாங்கிவிட்டு மூச்சும் விடலாம். டயலைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

"ஏலே, டயலு நல்லாத் தெரியுற மாதிரி நாலு போட்டோ எடுத்து அனுப்பி விடுலே. அம்புட்டுத்தான். இது மட்டும் போயிருச்சுன்னா கட நம்ம கையில நின்னுரும்" என்றான். கடிகாரத்தை இரண்டு நாள் என்னிடம் விட்டுவிட்டுப் போனான்.

லைட்டுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கறுப்பு டயல் மொத்தமும் பழுப்பேறிப் போயிருந்தது. ஓரத்தில் வெல்லப்பாகு நிறம், நடுவில் கொஞ்சம் கறுப்பு. மணிக்கு மணி இருந்த ரேடியம் புள்ளிகள் பழைய நெய் நிறமாகிக் கிடந்தன. கம்பெனிப் பெயர் சரியாக நடுவில் இல்லை, ஒரு நூலளவு மேலே ஏறியிருந்தது. இந்த லட்சணத்தில் வெளிநாட்டுக்குப் படம் அனுப்பினால் எவன் மதிப்பான்? பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் முகம் கழுவிப் பவுடர் போடாமலா உட்காரவைப்போம்? நண்பனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அசத்திவிடவேண்டும் என்று நினைத்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் கடைக்காரர் ஒருவர் டயலையும் முள்ளையும் கழற்றிக் கொடுத்தார். "நல்லாத்தான ஓடுது, எதுக்கு சார் இத நோண்டுறீக?" என்று ஒரு வார்த்தை கேட்கத்தான் செய்தார். அவருக்கு டிசைன் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். டயலைப் பெரிதாக ஸ்கேன் செய்து, ஒவ்வொரு எழுத்தையும் கோட்டையும் கம்ப்யூட்டரில் புதிதாக வரைந்தேன். கம்பெனிப் பெயரை இழுத்துச் சரியாக நடுவில் வைத்தேன். பழைய பெயின்ட்டைத் தின்னரில் துடைத்தபோது பஞ்சு பழுப்பாகிக்கொண்டே வந்தது. அப்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது. கறுப்பு அடித்து, காயவைத்து, பேனா மெஷினில் வெள்ளை எழுத்துகளை ஏற்றி, புள்ளிகளுக்குப் புது ரேடியம் வைத்து, ரிப்பேர்க்காரரிடமே பூட்டி வாங்கினேன். கடிகாரத்தின் உலோகக் கூட்டைத் துணிச் சக்கரத்தில் பாலிஷும் போட்டேன். ஷோரூமில் இருந்து எடுத்துவந்த மாதிரி இருந்தது.

நண்பன் வந்து பார்த்து வாயைப் பிளந்தான். "எப்பிடிலே! அம்புட்டும் அழுக்கா?"

"அழுக்குதான். தொடச்சேன், போயிருச்சு" என்றேன்.

அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்றால், தொழில் ரகசியத்தை வெளியில் சொல்லக் கூடாது என்கிற திமிர். வேறு காரணம் கிடையாது. அவன் கடிகாரத்தைக் கையில் கட்டிப் பார்த்து, முழங்கையை மடக்கி மடக்கி ரசித்தான். படங்களை என் இமெயிலில் இருந்துதான் அனுப்பினேன்.

பத்துப் பதினைந்து நாளில் பதில் வந்தது. பிரவுசிங் சென்டரில் தனியாக உட்கார்ந்து படித்தேன். டயல் சமீபத்தில் புதிதாகப் பெயின்ட் அடித்து அச்சிடப்பட்டது, எழுத்தின் விளிம்பே காட்டிக்கொடுக்கிறது, கூடும் பாலிஷில் தேய்ந்திருக்கிறது, ஏலத்துக்கு எடுக்க முடியாது என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். பழைய டயல் பழுப்பேறிய நிலையிலேயே இருந்திருந்தால் அதற்குத்தான் கிராக்கி என்று கடைசியில் ஒரு வரி.

நம்ப முடியாமல் அவர்களுடைய பழைய ஏலக் கேட்லாக்குகளைத் தேடித் திறந்தேன். அதே மாடல் கடிகாரம் இரண்டு இருந்தது. ஒன்று புதுக்கறுப்பாக, ஒரு குறையும் இல்லாமல். இன்னொன்று வெல்லப்பாகு நிறத்தில். பழுப்பு டயல் கறுப்பைப்போல் பல மடங்கு விலைக்குப் போயிருந்தது. அந்தக் காலத்துக் கறுப்புப் பெயின்ட்டில் ஏதோ ஒரு கோளாறாம். சூடான நாடுகளில் வருஷக்கணக்கில் வெயில் பட்டவை மட்டும் இப்படிப் பழுக்குமாம். ஒரு டயல் மாதிரி இன்னொன்று இருக்காதாம். அதைச் செயற்கையாகக் கொண்டுவரவும் முடியாதாம். கடிகாரத்தை வரைந்தவரைப் பற்றியும் இரண்டு பத்தி இருந்தது. பன்னிரண்டு மணிப் புள்ளிக்கும் முள் சுழலும் மையத்துக்கும் இடையில் கண்ணுக்கு நடுவாகத் தெரியவேண்டும் என்பதற்காக, அளவுப்படி நடுவில் வைக்காமல் கம்பெனிப் பெயரை வேண்டுமென்றே கொஞ்சம் ஏற்றி வைத்திருக்கிறார். நான் அதைப் பிழை என்று திருத்தியிருந்தேன். யூனிட் வாசல் போர்டில் டிசைனர் என்று வேறு எழுதிவைத்திருந்தேன்.

அத்தாவை நான் எப்போது பார்த்திருந்தாலும் வத்தல் காயும் களத்தில்தான் பார்த்திருக்கிறேன். முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, தலையில் துண்டோடு, காய்ந்த வத்தலைக் கையால் அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பார். விருதுநகர் வெயில் எப்படிப்பட்டது என்று யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. அந்த மனுஷர் அத்தனை வருஷம் வெயிலில் நின்று பாடுபட்டதுதான் அந்த டயலில் ஏறியிருந்தது. அதைத்தான் பஞ்சில் தொட்டுத் துடைத்துக் குப்பைக்கூடையில் போட்டிருந்தேன்.

மறுநாள் காலை விருதுநகருக்கு பஸ் ஏறினேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். ஆமத்தூர் தாண்டும்வரை அந்த எண்ணம் நன்றாகத்தான் இருந்தது. கடையில் நுழைந்ததும் நண்பன் கணக்குப்பிள்ளையை டீ வாங்க அனுப்பிவிட்டு, "என்னலே சொல்றாக?" என்று முகம் மலரக் கேட்டான். அந்த முகத்தைப் பார்த்ததும் பாதியை மட்டும் சொன்னேன்.

"டயலு ஒரிஜினல் இல்லையாம்லே. பெயின்ட் அடிச்சதாம். வேண்டாம்னுட்டாக."

"எப்ப அடிச்சதாம்?"

"அது ஒண்ணும் சொல்லல."

அவன் என்னையே பார்த்தான். "நீ தொடைக்கத்தான செஞ்ச?"

"ஆமா."

அவ்வளவுதான். அவன் மறுபடியும் கேட்கவே இல்லை. என்மேல் அவனுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. பக்கத்தில் இருந்த வத்தல் மூட்டையைத் தடவினான். "அப்ப எங்க அத்தா தலையில டூப்ளிகேட்டக் கட்டிட்டுக் கப்பல் ஏறிட்டான் அந்தப் பய. எம்புட்டுப் பெருமையா அதக் கட்டிட்டுத் திரிஞ்சாரு! ஏமாளி மனுசன்லே" என்றான். அத்தாவைப் பற்றி அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்போதாவது வாயைத் திறந்திருக்கவேண்டும். டீ வந்தது. குடித்தேன்.

தீபாவளிக்கு முன்னாலேயே அண்ணன் பங்கோடு நண்பன் பங்கும் சேர்ந்து கடை கைமாறியது. எங்களுக்கு சீசன் நேரம், வேலையில் மூழ்கிக் கிடந்தேன். மூழ்கிக் கிடப்பது வசதியாகவும் இருந்தது. புது முதலாளி நல்ல மாதிரிதான். நண்பனுக்குத் தொழில் தெரியும் என்பதால் அவனையே சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். அவன் தன் சொந்தக் கடைக்குக் காலையில் வந்து, முதலாளி வந்ததும் எழுந்து நிற்கிறான் என்று கேள்விப்பட்டேன். நேரில் போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பக்ரீத்துக்கு வழக்கம்போல வீட்டுக்கு அழைத்தான். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன். எனக்குப் பரிமாறியது அவன் அம்மா. நண்பன் யாரையோ வழியனுப்ப வாசலுக்குப் போயிருந்தான். அம்மா கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும். அவுகள இவன் ஏமாளிங்கான். எனக்கும் அவனுக்கும் தெனமும் இதே சண்ட. ஒத்த வத்தல மோந்து பாத்து எந்த ஊருச் சரக்குன்னு சொல்றவுக. அவுகளையா ஒருத்தன் ஏமாத்துவான்? நீங்க இந்தத் தொழில்ல இருக்கீக. கையில வச்சு நல்லாப் பாத்திருக்கீக. அவுக கட்டியிருந்தது டூப்ளிகேட்டுதானா?"

வேறு யாரும் அங்கே இல்லை. இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. திட்டியிருப்பார், அழுதிருப்பார், மகனைக் கூப்பிட்டிருப்பார். ஆனால் அவர் புருஷன் ஏமாளி இல்லை என்று ஆகியிருக்கும். என் வாயில் சோறு இருந்தது. அதை விழுங்கினேன்.

"ஆமாம்மா. டூப்ளிகேட்டுதான்" என்றேன்.

அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "அப்பச் சரி. நாந்தான் வீணா அவங்கூட மல்லுக்கு நின்னுருக்கேன். வெவரம் தெரிஞ்சவுக நீங்க, நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். எழுந்து, கரண்டியை எடுத்து, என் தட்டில் இன்னும் இரண்டு துண்டு கறி வைத்தார். நான் அதையும் சாப்பிட்டேன்.