குடியிருப்பவர்களுக்கு ஒரு கேக்

நான் குடியிருக்கும் டொரொண்டோ கட்டடத்தில் வருடத்துக்கு ஒரு நாள் எங்களுக்கு நன்றி சொல்வார்கள். ‘டெனன்ட் அப்ரிசியேஷன் டே, வீட்டிலுள்ள அனைவரும் வரவும்’ என்று ஒவ்வொரு கதவுக்கடியிலும் தாள் வரும். கார் நிறுத்துமிடத்தில் கூடாரம் அடித்து, வாடகைக்கு இருக்கிறவர்களுக்குப் பீட்சா கொடுப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. கண்டியில் நான் சின்னவளாக இருந்தபோது, வீட்டுக்காரர் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டாலே அப்பா எழுந்து சட்டை போடுவார். சுவரில் ஆணி அடித்த இடத்தை அம்மா கலண்டரால் மறைப்பார். நன்றி சொல்ல வேண்டியவர்கள் நாங்கள் என்றுதான் வளர்ந்தோம். இங்கே எல்லாம் தலைகீழ்.

பிறகு அந்தக் கட்டடத்து ஆபீசிலேயே எனக்கு வேலை கிடைத்தது. இப்போது அந்த விழாவை நடத்துவது நான்தான். எத்தனை பேருக்கு ஹலால், எத்தனை பேருக்கு மரக்கறி, மழை வந்தால் எங்கே வைப்பது, எல்லாம் என் தலையில். போன வருடம் ஏழாம் மாடி வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் தட்டை வாங்கிக்கொண்டு, “இது எதற்கு மன்னிப்பு?” என்று கேட்டார். பசியில் உளறுகிறார் என்று இன்னொரு துண்டு வைத்தேன். மறுநாள், இரண்டு நாளைக்குச் சுடுதண்ணீர் வராது என்று மேலிடத்திலிருந்து அறிவித்தல் வந்தது. கிழவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

எனக்குக் கண்டியில் ஒரு வீடு இருக்கிறது. நானும் கணவரும் கனடாவில் ஆளுக்கு இரண்டு வேலை செய்து கட்டுகஸ்தோட்டைப் பக்கம் கட்டியது. அதில் நாங்கள் ஒரு இரவுகூடப் படுத்ததில்லை. மேல்மாடியில் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கௌரி டீச்சரும் மகளும் இருக்கிறார்கள். கீழே மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, டவுனில் புடவைக்கடையில் வேலைக்கு நிற்கும் செல்வமும் மனைவியும். ஒன்பது வருடமாக வீட்டைத் தங்கள் வீடுபோலப் பார்த்துக்கொண்டவர்கள். கணவர் இறந்த பிறகு, விற்றுவிடுங்கள் என்று மகன் ஒற்றைக்காலில் நின்றான். அதற்காகத்தான் இந்த வருடம் போனேன். வத்தேகமவில் அண்ணன் வீட்டில் தங்கி, செவ்வாய்க்கிழமை வரும்படி தரகரிடம் சொன்னேன். அதற்கு முந்திய ஞாயிறு இந்த இரண்டு குடும்பத்துக்கும் ஒரு தேநீராவது கொடுக்க நினைத்தேன். விற்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பழக்கம் விடவில்லை. தாள் அச்சடித்து, உறையில் போட்டு, இரண்டு கதவுக்கடியிலும் தள்ளினேன். ‘ஞாயிறு மூன்று மணிக்கு வீட்டிலுள்ள அனைவரும் முற்றத்துக்கு வரவும். உரிமையாளர்.’ கண்டியில் தேநீருக்குக் கூப்பிடுகிறவர் கேட்டில் நின்று சத்தம் போட்டுத்தான் கூப்பிடுவார். வீட்டுக்காரரிடமிருந்து தாள் வந்தால் காலி பண்ணு என்று அர்த்தம். அப்பாவுக்கு அப்படி இரண்டு தடவை தாள் வந்தது. எனக்கு மறந்துவிட்டது.

ஞாயிறு, கேக்கும் ரோல்ஸும் மேசையில் இருந்தன. செல்வம் ஸ்திரி போட்ட சட்டையோடு நின்றான், கதிரையில் உட்காரவில்லை. டீச்சர் வீட்டு ஒப்பந்தப் பைலை மடியில் வைத்திருந்தார்.

“சாப்பிடுங்க டீச்சர்.”

“சாப்பிடுறன் அக்கா. பிள்ளைக்கு இன்னும் ரெண்டு மாசத்தில ஏ.எல். சோதினை. அது முடியும் வரைக்குமாவது எங்களை இருக்க விடுங்கோ.”

“யாரு உங்கள போகச் சொன்னது?”

“நோட்டீஸ் போட்டீங்களே” என்றான் செல்வம். “நாலு நாளா இவ சாமான் கட்டிக்கிட்டு இருக்கா. கடையிலதான் சாப்பிடுறேன்.”

“அது கேக் திங்கக் கூப்பிட்டது, மடையா.”

“கேக்குன்னு அதுல ஒரு எழுத்தும் இல்லியே அக்கா.”

அவன் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் சிரிக்கவில்லை. “அப்ப வீட்டை விக்கிற எண்ணம் இல்லையோ?” என்று நேராகக் கேட்டார். பக்கத்திலிருந்த டீச்சரின் மகள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பத்தாம் வகுப்பில் இரண்டு வீடு மாறிய நான், சோதனையில் கோட்டைவிட்டது நினைவுக்கு வந்தது.

“இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை புரோக்கர் வர்றான்” என்றேன். என்மேலேயே எனக்குக் கோபம். அந்த ஏழாம் மாடிக் கிழவர் இங்கே இருந்திருந்தால் ‘இது எதற்கு மன்னிப்பு?’ என்று அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார். போனை எடுத்து, எல்லார் முன்னாலும் தரகரை வர வேண்டாம் என்றேன்.

“அதை எழுதியும் தாங்கோ, அக்கா” என்றார் டீச்சர்.

அவர் பைலிலிருந்து எடுத்து நீட்டிய அதே உறையின் பின்பக்கத்தில், நீங்களாகப் போகும்வரை இரண்டு குடும்பமும் இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டீச்சர் அதைப் பைலில் வைத்து மூடினார்.

“இப்ப கேக்கை வெட்டலாங்களா?” என்றான் செல்வம்.

மகன் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். புறப்படுகிற அன்று காலை சொல்லிவிட்டு வரப் போனேன். டீச்சர் கேட் வரைக்கும் வந்து, ஒரு பொதி எள்ளுருண்டையைக் கையில் திணித்தார்.

“அடுத்தமுறை வத்தேகமவில தங்காதேங்கோ. எங்கட வீட்டுக்கு வாங்கோ, அக்கா.”

என் வீட்டுக் கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்றபடி, “கட்டாயம் வர்றேன்” என்றேன். டீச்சர் உள்ளேயிருந்து கொக்கியை மாட்டினார்.