"யாரும் வரலீங்க, சிஸ்டர்"

கொரோனா இரண்டாம் அலையில், எங்கள் சங்ககிரிப் பக்கம் தெருவுக்குத் தெரு தகரம் வைத்து அடைத்திருந்த சமயம். என் கணவருக்கு நிமோனியா வந்து நெஞ்சுக்குள் சீழ் கட்டிவிட்டது. ஊசி, மாத்திரை என்று பார்த்தும் வற்றவில்லை. நெஞ்சைத் திறந்துதான் எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று சேலத்து மருத்துவமனையில் சொல்லி, நாளும் குறித்தார்கள்.

விஷயம் தெரிந்ததும் கொழுந்தனாருக்கு மனம் தாங்கவில்லை. வடக்கே ரிக் வண்டியில் போர்வெல் போடும் வேலை அவருக்கு. கிடைத்த லாரிகளில் மாறி மாறி ஏறி வந்துவிட்டார். இரண்டு நாள் வீட்டில் அண்ணனின் கட்டில் பக்கத்தை விட்டு நகரவில்லை. லேசாக இருமினார். தூசி என்றார். நானும் தூசி என்றே வைத்துக்கொண்டேன்.

மருத்துவமனையில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனையில் கணவருக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் தியேட்டர் நர்ஸ் ஒருவர் காகிதத்தோடு வந்தார். வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா, வெளியூரிலிருந்து யாராவது வந்தார்களா என்று கேட்டார். என் வாய்க்குத் தெருவே பயப்படும். அன்று அந்த வாய் கூசாமல் சொன்னது.

"யாரும் வரலீங்க, சிஸ்டர்."

உண்மையைச் சொன்னால் ஆபரேஷனை நிறுத்திவிடுவார்கள் என்று பயம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் கணவருக்குக் காய்ச்சல், கொரோனா. தட்டுத் தடுமாறிப் பிழைத்துவிட்டார். அந்த நர்ஸுக்கும் கொரோனா, ஐ.சி.யூ.வில் கிடக்கிறார் என்று வார்டு ஆயா சொன்னார்.

நான்கு மாதம் கழித்து செக்கப்புக்குப் போனோம். கணவர் மாடிப்படியில் விறுவிறுவென்று ஏறிவிட்டார். அதே படியில் அந்த நர்ஸ், கைப்பிடியைப் பிடித்தபடி நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தியேட்டர் வேலை இனி முடியாது என்று ஃபைல் எடுத்துக் கொடுக்கும் இடத்தில் போட்டுவிட்டார்களாம். அங்கேயே எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் திட்டியிருந்தால் தேவலை.

"நெசத்தைச் சொல்லியிருந்தாலும் ஆபரேஷன் நின்னிருக்காதுங்க்கா. அவருக்கு அவசரம்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? ஒடம்பு முழுக்க மூடற கவச கிட்டு கொஞ்சந்தான் இருந்துச்சு, சந்தேகம் இருக்கற கேசுக்குன்னு எடுத்து வெச்சிருந்தோம். அதைப் போட்டுக்கிட்டு வந்திருப்போம், அவ்வளவுதான்" என்றார்.

என் கணவர் இன்று பழையபடி சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகிறார். இப்போதெல்லாம் எந்த டாக்டர் எதைக் கேட்டாலும், கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைய என் பொய்யால் நடந்தது ஒன்றே ஒன்றுதான், அந்தப் பெண்ணின் மூச்சில் பாதி போனது.