வட்டக் கையெழுத்து

நாற்பது வயதுக்கு மேல் எனக்குப் பட்டப்படிப்பு ஆசை வந்தது. வாரநாளில் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் லைன் லீடர் வேலை. சனிக்கிழமை காலையில் கிள்ளானில் ரயிலேறிப் போனால் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வகுப்பு. வரலாற்றில் ஒரு பாடம் கட்டாயம் எடுக்க வேண்டும் என்றார்கள். எனக்கு வாய்த்தது, பிரிட்டனில் ஆலைகள் பெருகிய காலத்துச் சீர்திருத்தப் போராட்டங்கள். தலையெழுத்து என்றுதான் முதலில் நினைத்தேன். நம் ஆட்களை மலாயாவுக்குக் கப்பலில் கொண்டுவந்து காட்டை வெட்ட வைத்தவர்களின் கதை எனக்கு எதற்கு?

படிக்கப் படிக்கத்தான் குழப்பம் வந்தது. அங்கேயும் கூலிக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். ஓட்டுரிமை கேட்டு மைதானத்தில் கூடியவர்கள் மேல் குதிரைப் படையை ஏவியிருக்கிறார்கள். நல்ல உடுப்பு உடுத்தி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்களும் மிதிபட்டிருக்கிறார்கள். அதன்பிறகு வந்தது நியாயம் இல்லை, கூட்டம் போடுவதைத் தடுக்கும் சட்டம். சங்கம் சேரச் சத்தியம் செய்தார்கள் என்று சில பண்ணைத் தொழிலாளிகளையே கப்பலேற்றி நாடு கடத்தியிருக்கிறார்கள். யார்மேல் கோபப்படுவது, யாருக்காகப் பரிதாபப்படுவது என்று புரியாமல் ரயிலில் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருப்பேன்.

எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டியவர்கள் ஒற்றர்கள். அரசாங்கமே ஆள் அனுப்பும். அவன் கூட்டத்தில் ஒருவனாக உட்கார்ந்து யோசனை சொல்லுவான், உசுப்பிவிடுவான், பிறகு பெயர்களைக் கொடுத்துவிடுவான். மற்றவர்கள் தூக்குமேடைக்குப் போவார்கள், அவன் வீட்டுக்குப் போவான். பக்கத்தில் இருப்பவனை அடையாளம் தெரியாத அளவுக்கு இவர்கள் ஏமாளிகளா என்று கட்டுரையில் காட்டமாகவே எழுதினேன். விரிவுரையாளர் நல்ல மதிப்பெண் போட்டார்.

அந்த மாதம்தான் தொழிற்சாலையில் கழிப்பறை அட்டை வந்தது. ஒரு லைனுக்கு ஒரே அட்டை. அதைக் கழுத்தில் மாட்டியவர் மட்டும் போகலாம். அவர் திரும்பும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். என் லைனில் தமிழர், மலாய்க்காரர், நேப்பாளிகள் என்று இருபது பெண்கள். அவர்களில் மூத்தவர், தினமும் என் காரில் வரும் ஓர் அக்கா. சர்க்கரை வியாதிக்காரர். ஒருநாள் அட்டை கிடைக்காமல் நின்ற இடத்திலேயே அவர் உடை நனைந்துபோனது. யாரும் பார்க்காததுபோல் இருந்தோம். மறுநாள் கேன்டீனில் அவரே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்து, மனு எழுதுவோம் என்றார். எல்லோருக்கும் சம்மதம். முதல் கையெழுத்து யார் என்றதும் ஆளாளுக்குத் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தார்கள்.

சும்மா இருந்திருக்கலாம். படித்த திமிர் விடவில்லை. அந்தக் காலத்து மாலுமிகள் மனுவைச் சுற்றி வட்டமாகக் கையெழுத்துப் போடுவார்களாம், யார் ஆரம்பித்தது என்று கேப்டனால் கண்டுபிடிக்க முடியாதாம் என்று எடுத்துவிட்டேன். உடனே ஒரு தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்தார்கள். அக்கா நடுவில் மலாயில் எழுதினார், மற்றவர்கள் தாளைத் திருப்பித் திருப்பிக் கையெழுத்துப் போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் எச்.ஆர். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவரும் தமிழர்தான், அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். மனு மேசைமேல் இருந்தது. யார் எழுதியது என்று அவர் கேட்கவே இல்லை. என் லைனின் செக்லிஸ்ட் பைலை மட்டும் எடுத்துவரச் சொன்னார். மெஷினைத் துடைத்தாயிற்று, தட்டுகளை எண்ணியாயிற்று என்று ஒவ்வொருவரும் தினமும் தம் கையால் எழுதி வைக்கும் தாள்கள் அவை. வழக்கமாகக் கேட்கிற பைல்தானே என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நிதானமாகப் புரட்டினார். ஒரு தாளை உருவி மனுவுக்குப் பக்கத்தில் வைத்து என் பக்கம் திருப்பினார். இரண்டின் உச்சியிலும் ஒரே கையில் எழுதிய பிள்ளையார் சுழி, கீழே இரண்டு கோடு.

“வட்டமா போட்டா ஆரம்பம் தெரியாதுன்னு நெனச்சாங்க போல. நம்ம ஆளுங்க பிள்ளையார விட்டுட்டு ஆரம்பிப்பாங்களா மா?”

அவர் சிரித்தார் என்று நானும் சிரித்துத் தொலைத்தேன். நான் கத்தோலிக்கக் குடும்பம், சுழி போடும் பழக்கம் இல்லை. ஆனால் எத்தனையோ பேர் போட்டுப் பார்த்துப் பழகிப்போன கண். கேன்டீனில் அக்கா போடும்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதுவும் ஓர் அடையாளம் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

பைலை மூடிவிட்டு, “ஒன் பேரு இல்ல. குட்,” என்றார். அப்போதுதான் சிரிப்பு நின்றது. கேன்டீனில் பேனா என்னிடம் வந்தபோது, வட்டம் நிறைந்துவிட்டது என்று சொல்லி அதை மூடி வைத்தவள் நான். வட்டத்தில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருந்தது.

அக்காவைக் கிடங்குக்கு மாற்றினார்கள். பெட்டி தூக்கும் வேலை, கழிப்பறைக்கு வெயிலில் நடந்து போக வேண்டும். ஒரு மாதம்கூடத் தாங்கமாட்டார் என்பது மாற்றியவர்களுக்கும் தெரியும். கழிப்பறை அட்டை அப்படியே தொங்கியது. நான் பைலோடு ஆபீசுக்குப் போனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். லைனில் என்னோடு பேச்சு நின்றது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு சத்தமும் இல்லை. நான் இல்லாமல் வேறு குழு தொடங்கிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் என்ன செய்தேன்? ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். யோசனை சொன்னவள் நான். கையெழுத்துப் போடாதவள் நான். ஆபீசுக்குள் போய் எதுவும் ஆகாமல் வெளியே வந்தவளும் நான். பாடப் புத்தகத்தில் இப்படி ஒருத்தியைப் படித்திருந்தால் நானே அடிக்கோடு போட்டிருப்பேன். தெரியாமல் செய்தால் அதற்கு வேறு பெயர் உண்டா என்று அந்தப் புத்தகத்தில் இல்லை.

அக்கா மட்டும் அந்த வாரம் முழுக்க என் காரில் வந்தார். ஊர்க் கதை பேசினார், மகளின் பிரசவம் பற்றிப் பேசினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிள்ளானுக்குள் நுழையும் சிக்னலில் கார் நின்றபோது, முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நீ காட்டிக் கொடுக்கலன்னு எனக்குத் தெரியும். பைல் கேட்டாரு, கொடுத்துட்ட. அத விடு. வட்டமா போட்டா பயமில்லன்னு நீதானே சொன்ன, அப்புறம் நீ ஏன் போடல?”

லைன் லீடர் போடக்கூடாது என்று விதி இல்லை. பயந்துவிட்டேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஒரு லோரி ஹார்ன் அடித்தது.

“பச்சை விழுந்திருச்சு, போ லா,” என்றார் அக்கா.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அவர் பஸ்ஸில் போய்விட்டார் என்று மகள் வந்து சொன்னாள்.