ஹர்டி-கர்டியோடு மல்லுக்கட்டிய இராசமலர்

இராசமலருக்குப் பாட்டும் வராது, தாளமும் நிற்காது. அதை அவள் மறைத்ததும் இல்லை. அவளுக்கு வந்தது மெசின். மூக்குக்கண்ணாடிக்கு வில்லை அரைக்கும் பட்டறையில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தவள். வீட்டுச் சலவை மெசின் பழுதானால் ஆளைக் கூப்பிடாமல், தானே பின்பக்கத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிடுவாள். நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரத்து ஏவன்டேலில், ரயில் பாதையோரத்து யூனிட் ஒன்றில் அவளும் கணவர் சபாரத்தினமும் மட்டும்தான். மகள் கிருசாந்தி வெலிங்டனில்.

ஓய்வு பெற்ற முதல் குளிர்காலத்தில், டிட்டிராங்கியில் ஒரு மண்டபத்துக்குள் கைவினைப் பொருட்கள் பார்க்கப் போனாள். அங்கே கொலின் என்ற நரைத்த தாடிக்காரர் மடியில் ஒரு மரப்பெட்டியை வைத்துக்கொண்டு, வலது கையால் அதன் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். இடது கை விரல்கள் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த கட்டைகளை அழுத்தின. நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல அடியில் ஒரு சுருதி அறாமல் நின்றது. அதன் மேல் மெட்டு நடந்தது. ஹர்டி-கர்டி என்று பெயர் சொன்னார்.

இராசமலர் குனிந்து பார்த்தாள். கைப்பிடி ஒரு மரச்சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரம் நரம்புகளில் உரசுகிறது. வில் பிடிக்கத் தேவையில்லை, மூச்சுப் பிடிக்கத் தேவையில்லை, தொண்டை தேவையே இல்லை. இது மெசின்தானே!

வீட்டுக்கு வந்ததும் இணையத்தில் தேடி, வெளிநாட்டுக் கடையொன்றில் அதை வாங்கப் பணம் கட்டிவிட்டாள். பெட்டி வாசலுக்கு வந்தபோதுதான் சபாரத்தினத்துக்கு விஷயம் தெரிந்தது.

"என்னப்பா உது?"

"ஹர்டி-கர்டி. வாசிக்கிற சாமான்."

"ஆர் வாசிக்கிறது?"

"நான்தான்."

சபாரத்தினம் பெட்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு தன் கறிவேப்பிலைக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடப் போனார்.

இராசமலர் அதை மடியில் வைத்து, வாரைக் கட்டி, கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினாள். கதவிடுக்கில் வால் அகப்பட்ட பூனைபோல அது அலறியது. மெதுவாகச் சுற்றினாள், முனகியது. வேகமாகச் சுற்றினாள், மறுபடி அலறியது. சபாரத்தினம் தண்ணீர்க் குழாயோடு ஓடிவந்தார்.

"அடிகிடி பட்டுப்போச்சோ?"

"எனக்கு ஒண்டுமில்லை. இதுக்குத்தான் என்னமோ பிடிச்சிருக்கு."

என்ன பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதிலேயே மாதங்கள் போயின. சக்கரத்துக்கு ரோசின் என்ற பிசின் பூச வேண்டுமாம், வயலின்காரர் வில்லுக்குப் பூசுவதுபோல. பூசினாள். கூடிவிட்டது, கரகரத்தது. துடைத்தாள். குறைந்துவிட்டது, வழுக்கியது. சக்கரம் தொடும் இடத்தில் ஒவ்வொரு நரம்புக்கும் பஞ்சு சுற்ற வேண்டுமாம். சுற்றினாள். கணினியில் பாடம் நடத்திய சிரித்த முகத்துப் பெண், பஞ்சு குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்றாள். கொலினிடம் கேட்டால், பயப்படாமல் நிறையச் சுற்றுங்கள் என்று பதில் அனுப்பினார். எவ்வளவு என்று இருவரும் சொல்லவில்லை. 'கேட்டால் தெரியும்' என்றார்கள். கேட்டால் தெரிகிற காது இருந்தால் நான் ஏன் மெசினை வாங்கப் போகிறேன் என்று இராசமலருக்கு வயிறு எரிந்தது. பட்டறையில் வில்லையை இவ்வளவு தடிப்பில் அரை என்றால் அரைக்கலாம். அளவே இல்லாத வேலையை எப்படிச் செய்வது?

சுருதி சேர்ப்பது இன்னொரு கூத்து. ஒரு பிரடையைத் திருகி ஒரு நரம்பைச் சரிக்கட்டினால் அடுத்தது இறங்கிவிடும். அதைச் சரிக்கட்டி முடிக்கையில் மழை தொடங்கும். ஓக்லாந்தில் மழைக்கா பஞ்சம்? ஈரத்தில் மரம் ஊதி, எல்லா நரம்பும் தத்தம் போக்கில் போய்விடும்.

"கோதாரி விழுந்த சாமான்!" என்று அவள் கத்துவது, சுருதி சேர்க்கிறாள் என்பதற்கு அடையாளமாகிவிட்டது.

ஒருநாள் சபாரத்தினம் பக்கத்தில் வந்து அமர்ந்து, நரம்புகளைத் தாங்கும் சின்னக் கட்டையைக் காட்டி, "இதுக்கு என்ன பேர்?" என்று கேட்டார்.

"வீணையிலை இருக்கிறதுதானே, குதிரை."

"இது ஏன் பிறிம்பாக் கிடந்து ஆடுது?" பக்கத்தில் இருந்த இன்னொரு சின்னக் கட்டையைத் தொட்டார்.

"அது நாய்."

"என்னது?"

"அதுக்குப் பேரே நாய்தானாம். கைப்பிடியை ஒரு வெட்டு வெட்டிச் சுத்தினால் அது பலகையிலை அடிச்சுக் குரைக்கும். அதுதான் தாளம்."

"குரைக்குதோ?"

"எனக்கு இன்னும் குரைக்கேல்லை."

"நல்ல பெட்டியப்பா. குதிரையும் இருக்கு, நாயும் இருக்கு. பாட்டை மட்டும் காணேல்லை."

இராசமலர் அன்று அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுக்கவில்லை.

பக்கத்து யூனிட்டில் ஷாமினி இருந்தாள். மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த தாதி. சாந்தமான பெண். ஒரு மத்தியானம், தலைமுடி கலைந்தபடி, போர்வையைச் சுற்றிக்கொண்டு கதவைத் தட்டினாள்.

"ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க. நான் நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு இப்பதான் படுத்தேன். உங்க வாக்வம் கிளீனர் கெட்டுப்போச்சா? எங்க கசின் ரிப்பேர் பண்ணுவாரு, நம்பர் தரவா?"

இராசமலருக்கு முகம் கொதித்தது. வாக்வம் கிளீனர் இல்லை, வாத்தியம் என்று சொன்னாள். ஷாமினி உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஓ... நைஸ்" என்றாள். அந்த 'நைஸ்' இராசமலரின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அன்றிலிருந்து ஷாமினியின் கார் வெளியே போன பிறகுதான் கைப்பிடியைத் தொட்டாள்.

கிருசாந்தி தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, ஜஸ்ட் டூ பிலாட்டீஸ்" என்று உடற்பயிற்சிக்குப் போகச் சொன்னாள்.

பஞ்சில்தான் ஒரு குற்றம் இருந்ததென்று பிறகு தெரிந்தது. மருந்துக்கடையில் வாங்கிய பஞ்சுப் பைக்கட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார் கொலின். அதில் பாதிக்கு மேல் பொலியெஸ்டர். இராசமலர் பஸ் ஏறி சான்ட்ரிங்ஹாம் போனாள். விளக்குத்திரி திரிக்கிற பஞ்சு அங்கே இந்தியக் கடையில் கிடைத்தது. மெல்லிசாகப் பிரித்து, தண்ணீர் தொட்டுச் சுற்றினாள். கைப்பிடியைத் திருப்பினாள். அலறல் இல்லை. அடர்த்தியான, நேரான ஒரு சத்தம் எழுந்து சமையலறைக் கண்ணாடிகளில் மோதியது.

"இஞ்சேருங்கோ! ஓடி வாங்கோ!"

சபாரத்தினம் வந்து கேட்டார். "ஓம், இப்ப சத்தம் மாதிரிக் கிடக்கு" என்றார்.

விடிந்ததும் ஒரு வாரத்து அடைமழை தொடங்கியது. ஹர்டி-கர்டியை உறையிலிருந்து எடுத்துச் சுற்றினாள். அந்தக் கதவிடுக்குப் பூனை திரும்பி வந்திருந்தது.

இராசமலர் அந்தப் பெட்டியைக் கட்டிலில் எறியப்போய், எறியாமல், மெல்ல வைத்தாள். தன்மேல்தான் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு காலம் ஒரு மெசினும் தன்னை இப்படி அவமானப்படுத்தியதில்லை.

"உங்கடை கன்றுகளோடை இதையும் சந்தைக்குக் கொண்டு போவம். வித்துத் துலைப்பம்."

சபாரத்தினம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏவன்டேல் சந்தையில் கறிவேப்பிலைக் கன்றுகள் விற்பார். அந்த ஞாயிறு மழை விட்டு நல்ல வெயில். கன்றுகளுக்கு நடுவில் ஹர்டி-கர்டியை நிறுத்தி வைத்தார்கள். கன்று வாங்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது அதைப் பற்றித்தான். இது என்ன? எப்படிச் சத்தம் வரும்? சொல்லி முடியவில்லை. சலித்துப்போய், வாரைத் தோளில் மாட்டி, நின்றபடியே சுற்றிக் காட்டினாள். வெயிலில் மரம் காய்ந்திருந்ததோ என்னவோ, சத்தம் கிழியாமல் வந்தது. அவர்கள் போனதும் வேறு சிலர் வந்தார்கள். மறுபடி சுற்றினாள். யார் கேட்கிறார்கள், ஷாமினி தூங்குகிறாளா என்ற கவலை அந்த இரைச்சலுக்குள் இல்லை. எதிரே மரவள்ளிக்கிழங்கு விற்ற சமோவா நாட்டு அம்மா தலையாட்டினாள். எரிச்சலோடு சுற்றியதில் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்க மறந்திருந்தாள். ஒரு சுற்றின் நடுவே கை தானாக வெட்டியது. பெட்டிக்குள் ஏதோ குரைத்தது.

"நாய்!" என்றாள் இராசமலர் உரத்து.

சபாரத்தினம் காலடியைப் பார்த்து விலகினார்.

மத்தியானத்துக்கு முன் ஒரு இளைஞன் வந்தான். வெஸ்ட்கேட்டில் கஃபே திறக்கிறானாம். சுவரில் மாட்ட இப்படிப் பழையகாலத்துச் சாமான் ஒன்று தேடுகிறானாம். கேட்ட விலைக்கு ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்ட கையோடு கைப்பிடியைப் பிடித்துப் பின்பக்கமாக முறுக்கினான்.

"நிப்பாட்டு!" இராசமலர் தமிழில்தான் கத்தினாள். பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, சக்கரத்தை விரலால் தொடக்கூடாது, எண்ணெய்ப் பசை பட்டால் ரோசின் கெட்டுவிடும், பஞ்சை இப்படித்தான் பிரிக்க வேண்டும், நேர் வெயில் படும் சுவரில் மாட்டினால் பலகை வெடிக்கும் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அவன் சிரித்து, வாசிக்கப் போவதில்லை, ஆணி அடித்து மாட்டத்தான் என்றான்.

"எதுக்குள்ளை ஆணி அடிப்பாய்? இதுக்குள்ளையோ?"

அவள் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். விற்பனை இல்லை என்றாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டு ஒரு கறிவேப்பிலைக் கன்றை வாங்கிக்கொண்டு போனான்.

காரில் சபாரத்தினம் வாய் திறந்தார். "நீர்தானே துலைப்பம் எண்டனீர்?"

"துலைக்கிறது வேறை, ஆணி அடிக்கிறது வேறை. பேசாமல் ஓட்டுங்கோ."

அதற்குப் பிறகு எல்லாம் சீராகிவிட்டதென்று சொல்ல முடியாது. மழை வந்தால் சுருதி போகிறது, கோதாரி விழுகிறது. நாய் நினைத்தால் குரைக்கிறது, நினையாவிட்டால் படுத்துக் கிடக்கிறது. ஆனால் ஷாமினிக்குப் பகல் வேலை கிடைத்துவிட்டதால் மத்தியானங்கள் இராசமலருக்குச் சொந்தமாகின. ஒரே ஒரு மெட்டு முழுதாக வந்தது.

போன குளிர்காலத்தில் கொலின் தன் குழுவோடு உட்கார்ந்து வாசிக்க அழைத்தார். வயலின், அக்கோடியன், குழல் என்று சுற்றிவர எல்லோரும் பழக்கப்பட்டவர்கள். இராசமலருக்குத் தெரிந்த மெட்டைத்தான் எடுத்தார்கள், ஆனால் ரயில் வேகத்தில். அவள் துரத்தினாள், தடுக்கினாள், மறுபடி துரத்தினாள். கடைசியில் கைப்பிடியை நிறுத்தி, கையை உயர்த்தினாள்.

"ஏன் இப்படிப் பறக்கிறீங்கள்?" என்று ஆங்கிலத்தில் அதட்டினாள். "ஆருக்கும் பஸ் தவறப்போகுதோ?"

அக்கோடியன்காரி, தனக்கும் அந்த வேகம் கஷ்டம்தான், சொல்ல வெட்கமாக இருந்தது என்றாள். கொலின் தாடியைச் சொறிந்துகொண்டு, இராசமலரைப் பார்த்து, நீங்களே வேகத்தை வைத்துத் தொடங்குங்கள் என்றார்.

இராசமலர் மணிக்கட்டைத் தளர்த்தி, தன் வேகத்தில் சுற்றத் தொடங்கினாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டார்கள்.